வாசல் தூணும் சிவப்புக் காரும்

அன்பு மகள் சிஹாருவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், ஹாம்பர்க்கில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம் மலையில் மழைக்காலம் தொடங்கிவிட்டது, பிளம் காய்களைப் பறித்து உப்பில் போட்டாயிற்று, உனக்கென்று ஒரு ஜாடி எடுத்து வைத்து அம்மா அதில் உன் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ போட்ட சத்தத்தில் நான் சொல்ல வந்தது எதையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், காகிதம் குறுக்கே பேசாது.

நீ கோபப்பட்டதில் தப்பில்லை. பக்கத்து வீட்டுத் தோகாஷியின் மனைவி அனுப்பிய படத்தில் நம் முற்றத்தில் சிவப்பாக ஒரு கார் நிற்கிறது, வாய் முழுக்கக் கறுப்பு வலை, பின்பக்கம் புடைத்த இடுப்பு, கூரை நுனியில் ஒரு இறக்கை, கீழே புகைக்குழாய் இரண்டு. "லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன்னு சத்தியம் பண்ணீங்களேப்பா, எழுபத்தாறு வயசுல ரேஸ் காரா வாங்குவாங்க, அந்த செந்தாய் நகரத்து முதியோர் இல்லத்துக்கு மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். சிஹாரு, நான் வாக்குத் தவறவில்லை. போன அக்டோபரிலேயே போலீஸ் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைக் கொடுத்துவிட்டேன், அதற்கு அவர்கள் கொடுத்த அட்டை சாமி மாடத்தில்தான் இருக்கிறது. கார் என்னுடையது இல்லை. அதை ஓட்டுவது உன் அம்மா.

நீ இப்போது சிரிப்பாய், இல்லை பயப்படுவாய். நானும் இரண்டும் செய்தேன். அம்மாவிடம் லைசென்ஸ் இருப்பது உனக்கே தெரியாது, கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் மறக்காமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வண்டியையே தொடாததால் ஒரு குற்றமும் இல்லை, அதனால் தங்கப் பட்டை போட்ட நல்ல ஓட்டுநர் லைசென்ஸ். முப்பத்தெட்டு வருடம் தபால் வண்டி ஓட்டிய எனக்குக்கூட அது இரண்டு முறைதான் கிடைத்தது. நான் என் லைசென்ஸைக் கொடுத்த பிறகு குளிர்காலம் பூராவும் கண் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை தோகாஷிதான் கூட்டிக்கொண்டு போனான், கூட்டிப்போகிறவனிடம் நேரமாகிறது என்று சொல்லவும் முடியாது, வழியில் நிற்கவும் கேட்க முடியாது. பஸ்ஸோ வாரத்தில் இரண்டே நாள், அதுவும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா மிசோ சூப்பை உறிஞ்சியபடியே, "நாளையிலேருந்து நான் டிரைவிங் ஸ்கூல் போறேங்க, பேர் கொடுத்தாச்சு" என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

பாடம் எடுத்தது மியாகே என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். முதல் நாள் ஆட்டோமேட்டிக் கொடுத்திருக்கிறாள், அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "ரெண்டு மிதி இருக்கற வண்டியில கால் மறந்துபோனா எதை மிதிக்கிறோம்னே தெரியாது, மூணு மிதி இருந்தா ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சுத்தானே ஆகணும், தப்பா விட்டா வண்டி அணைஞ்சு நிக்கும், யாரையும் இடிக்காது" என்றாளாம். மியாகே போய் கியர் வண்டியின் சாவியை எடுத்து வந்தாளாம். ஏப்ரல் முதல் வாரம் கார் கடைக்குப் போனோம். விற்கிற பையன் பாட்டிகளுக்கென்றே செய்தது போல ஒரு தயிர்நிறப் பெட்டி வண்டியைக் காட்டினான், அம்மா அதைச் சுற்றி வந்து மூலையில் இருந்த இந்தச் சிவப்பு வண்டியின் முன்னால் நின்றுவிட்டாள். மூன்று சிலிண்டர், டர்போ, நான்கு சக்கரமும் இழுக்கும், இருநூற்று எழுபது குதிரை சக்தி. நான் ஓட்டிய தபால் வண்டியில் அதில் கால் பங்குகூடத் தேறாது. இது எதற்கு நமக்கு என்றேன். "பனியில ஏறணும், சட்டுனு நிக்கணும், கியர் இருக்கணும், அளவா இருக்கணும், இந்தக் கடையில அப்படி ஒண்ணுதான் இருக்கு" என்றாள். சரி, சிவப்பாவது வேண்டாம் என்றேன். "அறுபது முடிஞ்சப்போ நம்ம ஊர் வழக்கப்படி நீங்களும் பொண்ணும் சிவப்புச் சட்டை போட்டுவிட்டீங்க, மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டேன், இப்போதான் போட்டுக்கணும்னு தோணுது" என்றாள். எழுபது ஆனவர்கள் ஒட்ட வேண்டிய அந்த நாலு இலை ஸ்டிக்கரை அவளே கொண்டு வந்திருந்தாள், இறக்கைக்குக் கீழே நேராக ஒட்டினாள், பையன் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரமே ஆஸ்பத்திரி நாள். வழியில் குரோமோரி கணவாயில் பருவம் தவறிப் பனி கொட்டியிருந்தது, நான் போக வேண்டாம் என்றேன், அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தபால் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் அந்த ஏழாவது வளைவில் இது மூன்றாவது கியரில் சக்கரம் வழுக்காமல் ஏறியது, மிதியை லேசாகத் தொட்டால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஐம்பது என்று பலகை இருந்தால் அவள் நாற்பத்தெட்டைத் தாண்டுவதில்லை, பின்னால் வந்த லாரிக்காரன்தான் பல்லைக் கடித்திருப்பான். உச்சிக்கு முந்தின இடத்தில் வண்டி திடீரென்று நின்றது, என் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. என்ன ஆச்சு என்று கத்தினேன். "மலை ஆடுங்க, உங்க பக்கம் பாருங்க" என்றாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் மூக்குக்கு நேரே அது நிற்கிறது, குட்டியும் கூட. அது வந்ததை நான் பார்க்கவே இல்லை சிஹாரு. அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, போன வருடம் இதே சாலையில் நானேதான் வண்டி ஓட்டி வந்தேன். நீ அடம்பிடித்து என்னை நிறுத்தியதற்கு நன்றி என்று அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும், வெட்கத்தில் எழுதவில்லை.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குக் காரில் முன்னால் உட்கார்ந்தால் தலைசுற்றும் என்று நான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன், அது பொய். கல்யாணமான முதல் வருடம் அவள் உன் தாத்தாவின் வெள்ளைக் காரை உள்ளே கொண்டு வரும்போது வாசலில் இடது கல்தூணில் உரசிவிட்டாள். தாத்தா பாட்டி எதிரிலேயே நான் சாவியைப் பிடுங்கி, "உனக்கு இதெல்லாம் எதுக்கு, பேசாம பின்னாடி உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருடம் உட்கார்ந்தாள். நான் அதை அன்று மாலையே மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை, ஆனால் லைசென்ஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தப் புதுக் கார் முன்னால் ஒல்லி, பின்னால் அகலம், அந்தப் புடைத்த இடுப்பு அழகுக்கு மட்டும் இல்லை, அகலச் சக்கரத்துக்கு இடம் வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அம்மா காரின் பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு மெதுவாக உள்ளே விட்டாள், முன்பக்கம் நுழைந்தது, பின்பக்கம் அதே இடது தூணில் உரசியது. நான் இறங்கிப் பார்த்தேன், ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்பு போய்விட்டது. அவள் இறங்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், நேரே பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். நான் அந்த உரசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழிதான் குறுகல்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த வார வெள்ளிக்கிழமை அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் தோகாஷியிடம் சம்மட்டி வாங்கி அந்தத் தூணை உடைத்துவிட்டேன், தாத்தா நட்ட கல், மதியம் வரை ஆனது, முதுகு இன்னும் வலிக்கிறது. அம்மா திரும்பி வந்து தெருவிலேயே காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடியைக்கூட மடக்காமல் உள்ளே வந்தாள்.

செந்தாய் இல்லத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது என்கிறாய், விடுமுறைக்கு நீ வரும்வரை தள்ளிப்போடச் சொல். வந்து அம்மாவுடன் ஒரு தரம் கணவாய் ஏறி இறங்கு, அதற்குப் பிறகும் நாங்கள் இங்கே இருக்கக் கூடாது என்று நீ சொன்னால் மறு பேச்சில்லாமல் வந்துவிடுகிறோம். ஸ்டேஷனில் டாக்ஸி பிடிக்காதே, அம்மா வருவாள். நீ முன்னால் உட்கார்ந்துகொள், பின் சீட்டு பேருக்குத்தான் இருக்கிறது, முழங்கால் தாடையில் முட்டும், அதில் நான் உட்காருகிறேன், இனிமேல் அது என் இடம். வேளைக்குச் சாப்பிடு, கழுத்தில் துணி சுற்றிக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், தூண் விஷயத்தை அடித்துவிடச் சொன்னாள், நான் அடிக்கவில்லை. ஒன்று மட்டும் மறக்காதே, அந்தத் தூணில் இருந்த பெயர்ப்பலகை இப்போது வாசலில் இல்லை, கதவுக்கு மாற்றிவிட்டேன், அதைக் காணோமே என்று வீட்டைத் தாண்டிப் போய்விடாதே.

உன் அப்பா