ஏகமனதாக

மந்தைவெளி
செவ்வாய் மாலை

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு அம்மா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நிலைகொள்ளவில்லை. இன்று பள்ளி விட்டு வரும்போது நம் பஸ் ஸ்டாப்பில் இறங்காமல் லஸ் வரை போய், மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட தெருவில் திரும்பி நடந்து வந்தேன்.

பள்ளியில் மாணவர் தலைவி தேர்தல் என்று போனில் சொன்னேனே, பிஸ்கட் டின்னில் வாக்குப்பெட்டி, விரலில் மருதாணிப் பொட்டு, எல்லாம் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட வைப்பேன் என்று ஓட்டுக் கேட்ட ஆயத், நம் டெய்லர் நூர் முஹம்மதுவின் மகள், அவள்தான் ஜெயித்தாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, புதுக் கட்டடம் கட்டித் தருகிறவரின் பேத்தி பெயரைத் தலைவியென்று பலகையில் எழுதுங்கள் ஐவி, பிள்ளைகள் நாலு நாளில் மறந்துவிடும் என்றார். நானும் எழுதினேன். நம் கோயில் பங்குப் பேரவைக்கு வருஷக்கணக்காய்த் தீர்மானம் எழுதிய கையாயிற்றே, யாரும் சொல்லாமலே பெயருக்குப் பின்னால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று போட்டுவிட்டது.

சந்திரிகா என்றொரு பிள்ளை வந்து, ஏகமனதான்னா இன்னா மிஸ் என்றாள். எல்லார் மனசும் ஒன்றாக என்றேன். அப்போ எம் மனசு எங்க போச்சு மிஸ், நான் ஆயத்துக்குத்தானே போட்டேன் என்றாள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையில்லை, புரியாமல்தான் கேட்டாள். அடுத்த பாடவேளை அதே பிள்ளைகளை அரசியலமைப்பு முகவுரையை ஒப்பிக்க வைத்தேன், வெட்கமாயிருந்தது, ஊருக்குத்தான் உபதேசம். பள்ளிக்கூடத்திலேயே ஓட்டு பொய் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, பதினெட்டு வயசில் எதற்கு வரிசையில் நிற்கும், நீயே சொல்.

நாளைக் காலைக் கூட்டத்தில் பெயரை வாசிக்க வேண்டியதும் நான்தான். ரிட்டயர் ஆகிற சமயத்துல உனக்கெதுக்கு இந்த வம்பு என்கிறார் அப்பா. பென்ஷன் இல்லாத பள்ளி, கடைசியில் தருகிற தொகையும் நிர்வாகத்தின் கையில், அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆயத் பெயரைத்தான் வாசிக்கப் போகிறேன்.

நீ ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே, எனக்காக ஒரு அருள்நிறை மரியே சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. நம் வீட்டிலும் ஏகமனதில்லை, அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. நாளை நான் கட்டப்போகும் புடவைக்கு அவர்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
ஐவி ஸ்தனிஸ்லாஸ்