முள் இல்லாத மீன்

திருப்பூர்,
8-2-1966

அன்பு மிகுந்த அப்பாவுக்கு,

மகள் அமராவதி வணங்கி எழுதுவது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி உங்களுக்கு வந்த தோள்வலி குறைந்ததா? இங்கே நீங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியை இன்னும் திறக்கவில்லை.

நீங்கள் இன்னும் பார்க்காத தம்பிக்குப் பால் போதவில்லை. பசும்பால் கொடுத்தால் கக்கிவிடுகிறான். பால்மாவு எந்தக் கடையிலும் இல்லை. ஆஸ்பத்திரியில் தாய்ப்பால்தான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பால் சுறாக் கருவாடு தின்றால் பால் ஊறும் என்று பக்கத்து வீட்டு மயிலாத்தாள் அக்கா சொன்னதால், சந்தையில் வாங்கி வந்தேன். அம்மா பூண்டு போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார். "இப்பத்தான் கண்ணு, மார்ல கனம் தெரியுது" என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

தட்டுக் கழுவும்போது முள் கிடைத்தது. பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், சுறாவுக்கு முள்ளே கிடையாது. நம் காதுமடல்போல வளையும் குருத்தெலும்புதான். இதிலோ ரம்பம்போல் பல் வைத்த முள். இது கடல் கெளுத்தி அப்பா. தலையை வெட்டியிருந்ததால் மீசை தெரியவில்லை.

சந்தைக்குப் போய்க் கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, கடலையே பாக்காத நீங்க எனக்கு மீனு சொல்லித் தர்றீங்களா?" என்றார் கருவாட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கனமும் போய்விடுமோ என்று பயம். மீதிக் கருவாட்டில் அவருக்குத் தெரியாமல் முள்ளை எடுத்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறேன்.

அங்கே நல்ல சுறா கிடைக்கும், வரும்போது வாங்கி வாருங்கள். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள்போல் சொரசொரக்க வேண்டும். கழுத்துப் பக்கம் ஐந்து செவுள் கீறல் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

ஆண் கெளுத்தி முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்குமாம். குஞ்சு வெளிவரும் வரை எதுவும் தின்னாதாம். அதைப் படித்ததும் உங்களைத்தான் நினைத்தேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நேற்றிலிருந்து தம்பி அழுவதில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்கிறார் அம்மா. என் விரலை அவன் வாயில் வைத்துப் பார்த்தேன். சப்பவில்லை.

சுறாவைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம் அப்பா. கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். இக்கடிதம் கண்டதும் உங்களுக்கு ரயில் கிடைக்க முருகன் துணை நிற்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
அமராவதி