சுமதி மேடையில் சொன்னது

1996 நவம்பர் 9, சனி

இண்டைக்கு எங்கடை பாட்டுக்குழுவின்ரை கச்சேரி. ஸ்பெயின் பக்கத்து இடைக்காலக் கலீசியப் பாட்டொண்டை நான் தனியாப் பாடினன். கடற்கரையிலை நிண்டு காதலனைத் தேடுற பெண்ணின்ரை பாட்டு. இந்த மாதிரிப் பாட்டுகளைப் பெண் குரலிலை கட்டினது ஆம்பிளையள் எண்டு சொல்லிச் சிரிக்கிறவள், குழுவிலை என்னோடை பாடுற சிநேகிதி சுமதி. அவளே, நான் பாட முதல் மைக்கைப் பிடிச்சு, மன்னாரிலை வள்ளம் ஏறிப் போய்த் திரும்பாத ஒருத்தரை நினைச்சுத்தான் நான் பாடுறன் எண்டு சபைக்குச் சொல்லிப்போட்டாள். அவளை நம்பி, அவளுக்கு மட்டும் சொன்னது. முன்வரிசையிலை என்ரை மனுசன் இருந்தார்.

"உண்மையைச் சொன்னாத்தானே சனம் உருகும்," எண்டாள் பிறகு.

காரிலை இவர் ஒண்டுதான் கேட்டார்: "அவரின்ரை பேர் என்ன?"

சொன்னன். 

அஜின்கோர்ட்டிலை எங்கடை வீட்டுக்கு வந்து சேர, சுமதி போன் அடிச்சாள். நான் எடுக்கேல்லை. இவர் எடுத்து, "அவ படுத்திட்டா," எண்டார். நான் பக்கத்திலைதான் நிண்டன்.