முதல் ஓலைக்கு முன்

மேற்குத் தாம்பரம்
9.1.1993

அன்புள்ள லாசரஸ்,

சவுரிமுத்து என்னைப் படகில் வைத்து மயக்கிவிட்டார் என்று உன் சித்தி ஞானஜோதி மஸ்கட்டுக்குப் போன் செய்து சொன்னாளாம். தவறு. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவள் நான்.

நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. புத்தியும்தான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இருபது பேர் கேரளத்துக்குப் போனோம். கொல்லத்தில் படகு ஏறினால் ஆலப்புழை சேர எட்டு மணி நேரம். அஷ்டமுடி ஏரி, பிறகு ஒடுங்கிய கால்வாய், மறுபடி ஏரி, கடைசியில் ஆறு. அவசரமே இல்லாத படகு. கரையில் துணி துவைத்தவர்கள் நாங்கள் கடந்து போகும்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துணியை எடுத்தார்கள்.

சவுரிமுத்துவை உனக்குத் தெரியும். பம்மல்காரர், மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பாடற்குழுவில் எனக்குப் பின்வரிசை. மனைவி இறந்து ஒன்பது வருடம். படகு வளையும்போதெல்லாம் வெயில் பக்கம் மாறியது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து, “டீச்சர், வெயில் இந்தாண்ட வந்துட்ச்சு. எந்தாண்ட குந்துறீங்க?” என்று கேட்டு என் நாற்காலியைத் தூக்கினார். குந்துவது அல்ல, உட்காருவது என்று திருத்தினேன். “சரி டீச்சர்” என்றார். அடுத்த வளைவிலும் குந்தத்தான் சொன்னார். அடுத்த வீட்டுக் காந்திமதி சத்தமாக, “டீச்சரம்மா, கார்டு சார் பச்சைக் கொடி காட்டிட்டாரா?” என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காயங்குளம் ஏரி அகலமாக விரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். விசாரித்தேன். “தண்ணின்னா பயம் டீச்சர். நீச்சல் தெரியாது.” பின் ஏன் வந்தீர்கள் என்றேன். “நீங்க பேர் குடுத்தீங்கன்னு சொன்னாங்க.”

கேட்டுவிட்டேன்.

இரண்டு படகுத்துறை கடக்கும்வரை அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு, “உங்க பையன் கைப்பட எழுதி அனுப்பட்டும் டீச்சர். அவரு மனசு நோவ நான் கோயில் படி ஏற மாட்டேன்” என்றார். அறுபத்து நான்கு வயதில் மகனிடம் அனுமதிச் சீட்டா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆலப்புழை வருவதற்குள் தணிந்தது.

வீடு உன் பெயரில் இருக்கிறது, இனியும் அப்படித்தான். உன் அப்பாவின் படம் கூடத்தில் அதே இடத்தில் இருக்கும். பழைய ஆணி ஆடுகிறது என்று போன வாரம் புது ஆணி அடித்தவர் அவர்தான்.

பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன். மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் திருமண ஓலையை வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். ஊரில் யார் எழுந்து நின்றாலும் நான் பார்த்துக்கொள்வேன். முதல் ஓலை ஜனவரி 31. உன் கடிதம் வராமல் அதை வாசிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் செய்யாதே. போனில் நீ எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்பாய். சிறு வயதில் கஷாயம் குடிக்கும்போதும் அப்படித்தான் சொல்வாய், பிறகு ஜன்னல் வழியே கொட்டுவாய். மனமில்லை என்றால் அதையே எழுது. உன் கையெழுத்தில் படித்துக்கொள்கிறேன்.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் காப்பாளாக. தயவுசெய்து கடிதமாகவே பதில் போடு.

அம்மா
ஞானசௌந்தரி