சித்தியின் கிளை

என் பூச்சிக்குட்டிக்கு,

நீ போய் எட்டு வருஷம் முடிந்துவிட்டது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் எழுதுகிற கடிதம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், சிரிக்காதே. மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. நான் செய்ததை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

உன் மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் விழுந்து முளைத்துவிட்டது. உன்னைப் போலவே இடது கையால்தான் எழுதுகிறாள்.

பெற்ற பதினோராம் நாள் காய்ச்சலில் நீ கண்ணை மூடினாய். நாற்பது நாள் கழித்து உன் வீட்டுக்காரர் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார். அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். எனக்குத்தான் பிள்ளை இல்லையே, வாங்கிக்கொண்டேன். பேச்சு வந்ததும் என்னை அம்மா என்றாள். திருத்த வாய் வரவில்லை. ஒருநாள் சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டி, "அது யாரும்மா?" என்றாள். "சித்தி" என்று சொல்லிவிட்டேன். உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து நீ சித்தி. தினமும் காலையில் மேல் ரூமுக்கு ஏறும் ஏணிக்குப் பக்கத்தில் உன் படத்துக்கு முன்னால் நின்று, "சித்தி, ஸ்கூலுக்குப் போயிட்டு வாரேன்" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஷூ மாட்டுவாள். நான் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஸ்கூலில் குடும்ப மரம் செய்துவரச் சொன்னார்கள். சார்ட்டில் மரம் வரைந்து, கிளைக்குக் கிளை ஒவ்வொருவர் படமாக ஒட்டி, யார் என்ன உறவு என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சள் சார்ட்டைத் தரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கார்மென்ட் கடைச் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் எல்லாரையும் ஆண்ட்டின்னு எழுதினா போதும்ங்காங்க. நம்ம வீட்டுல மட்டும் ஏம்மா இத்தன பேரு?"

"காட்கோபர்ல இருக்கது அப்பாவோட அக்கா, அதனால அத்தை. அம்மாவோட அக்கான்னா பெரியம்மா, தங்கச்சின்னா சித்தி. கூப்பிடும்போதே எந்த வழின்னு தெரியணும்லா."

"எனக்குப் பெரியம்மா யாரு?"

"யாருமில்ல. எனக்குத்தான் அக்கா கிடையாதே."

"நல்லவேள, ஒரு போட்டோ மிச்சம்" என்று பசையைப் பிதுக்கினாள். அப்புறம் கேட்டாள்: "சித்தியோட பிள்ளைன்னா எனக்கு யாரு?"

"அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. கூடப்பொறந்த மாதிரிதான்."

"நம்ம சித்திக்குப் பிள்ளையே இல்லியா?"

கத்தரி நூலை விட்டுவிட்டுச் சட்டைக் கையை வெட்டியது. "இல்ல" என்றேன்.

உன் கிளையை ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம்மா சித்தி. எல்லாருக்கும் கீழ யாராச்சும் இருக்காங்க. இவங்க மட்டும் ஒத்தையில இருக்காங்க. ஒரு பூ வரைஞ்சு விடட்டா?" என்று ரோஸ் கலர் ஸ்கெட்ச் பேனாவைத் தேடினாள்.

பூச்சி, உன் பிள்ளையை வளர்க்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த மொட்டைக் கிளையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மலடி என்று என்னைக் குத்தினார்களே, அந்தச் சொல்லையே உன் தலையில் தூக்கி வைத்துவிட்டேனே.

அவள் அந்தப் பேனாவைத் தேடி ஏணி ஏறிய நேரத்தில், சுவரோரம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த உன் அத்தான் தணிந்த குரலில் சொன்னார்.

"சொல்லிரு. வேற யார் வாயிலருந்தாவது கேட்டா உன்ன ஏத்துக்கிட மாட்டா."

"என்ன விட்டுட்டுப் போயிட்டான்னா?"

"எங்கட்டி போவா? எட்டு வயசுப் பிள்ள. சொல்லு."

அவள் இறங்கி வந்ததும் சொன்னேன். "அது சித்தி இல்ல தர்ஷினி. உன்னப் பெத்தவ அவதான். நான் அவளுக்கு அக்கா."

அழுதது நான்தான், அவள் அழவில்லை. என் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த தன் படத்தை நகத்தால் கிளப்பினாள். பசை காய்ந்திருந்தது, சார்ட்டின் தோலும் சேர்ந்து பிய்ந்து வந்தது. அதை உன் கிளையில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள். என் கிளையில் வெள்ளையாக ஒரு கிழிசல். உனக்கு வரைகிறேன் என்றாளே, அந்தப் பூவை அங்கே வரைவாளோ என்று பார்த்தேன். வரையவில்லை.

இன்றோடு இருபது நாள். சோறு கேட்கிறாள். தலை பின்ன வந்து உட்காருகிறாள். என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஆனால் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாரு", "பசிக்கு", அவ்வளவுதான். காலையில் உன் படத்துக்கு முன்னாலும் நிற்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. சித்தி என்று இனிமேல் சொல்ல முடியாது. உன்னை அம்மா என்று சொன்னால் நான் திரும்பிவிடுவேனோ என்று பயப்படுகிறாளோ என்னவோ.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் "என்னடா?" என்று கேட்பேன். கூப்பிடாமலே இருந்தாலும் கேட்பேன். ஸ்கூலிலிருந்து திரும்பி வந்த சார்ட்டில் அந்தக் கிழிசலை எதையும் ஒட்டி மறைக்க மாட்டேன். உன்னைப் பற்றி அவள் கேட்பதற்கெல்லாம், எனக்குத் தலைகுனிவு வந்தாலும், உள்ளதையே சொல்வேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும், பூச்சி. இத்தனை வருஷம் காலைக்குக் காலை உன் பிள்ளை உன் முன்னால் வந்து நின்று சித்தி, சித்தி என்று கூப்பிட்டாளே, அப்போதெல்லாம் நீ அவளுக்கு என்ன பதில் சொன்னாய்?

உன் அக்கா,
உன் மகளுக்குப் பெரியம்மா