வாப்பாவுக்கு ஜனாஸா அறிவித்த வெள்ளிக்கிழமை

கிண்ணியா

அன்பு மகன் இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி றிஷானாவும் சுகம், நீயும் மெல்பர்னில் அதுபோல இருக்க துஆச் செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனம் சுகமில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ வேறு கதைக்குப் போய்விடுகிறாய், வாப்பாவும் பக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் வாசி.

நீ அனுப்புகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை றிஷானா வாசித்துச் சொல்கிறாள். இதயத்துக்குப் பம்பு வைத்தவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்களாம், வாப்பாவுக்குச் சென்னையில் வைத்து மூன்று வருடம்தானாம், பயப்பட ஒன்றுமில்லையாம். சந்தோஷம் மகன். ஆனால் அவருடைய வயிற்றிலிருந்து வெளியே வருகிற பம்பின் வயரைச் சுற்றி மருந்து கட்டுவது நான். கரண்ட் போனால் பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட ஜெனரேட்டர் உள்ள கடைக்கு ஓடுவது றிஷானா. வயர் நனையக் கூடாது என்று கடலில் இறங்க விடுவதில்லை, வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனிதர் ஈரத்துணியால் மேலைத் துடைத்துக்கொண்டு என்னோடு சண்டை பிடிக்கிறார். அந்தக் கட்டுரைகளில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லையாம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை நீ பாதிதான் கேட்டாய். ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா விறாந்தைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிற பக்கத்து வீட்டு நஸ்ரி பார்க்க வந்திருக்கிறான். கூப்பிட்டானாம், எழும்பவில்லை, கையைப் பிடித்துப் பார்த்தானாம், நாடி இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பம்பு இரத்தத்தை ஒரே ஓட்டமாகத் தள்ளுகிறது, நாடி தட்டுப்படாது என்று ஊருக்கே சொல்லி வைத்தேன், அவன்தான் ஊரில் இல்லையே. மூச்சு வருகிறதா என்று பார்க்கத் தெரியாதா, குசினியில் இருந்த என்னை ஒரு சத்தம் கூப்பிடக் கூடாதா, நேரே பள்ளிவாசலுக்கு ஓடிவிட்டான். நான் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், ஒலிபெருக்கியில் என் புருஷன் இறந்துவிட்டார் என்று ஜனாஸா அறிவித்தல் கேட்கிறது. செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தால், அந்தச் சத்தத்தில் விழித்து உட்கார்ந்திருந்த வாப்பா என்னைப் பார்த்து “ஆர் மௌத்து?” என்று கேட்கிறார். “நீங்கதான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குள் ஊர் கூடிவிட்டது. கபுறுக்குழி வெட்டப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட ஆள் அனுப்பினோம், மூதூரிலிருந்து உன் சாச்சா அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டார், வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியே கை ஓய்ந்தது. நஸ்ரி தலையைத் தூக்கவில்லை. வாப்பா அவனைத் திட்டவுமில்லை, பக்கத்தில் கூப்பிட்டு, நெஞ்சில் காதை வைக்கச் சொல்லி பம்பின் இரைச்சலைக் கேட்க வைத்தார்.

அவன் மேல் இருந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது. உன் மேல் உள்ளதுதான் ஆறவில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு நீ வாப்பாவை ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை, கேட்கும்போதெல்லாம் லீவு இல்லை என்றாய். அறிவித்தலைக் கேட்டு றிஷானா உனக்கு அழுது போன் எடுத்ததும் லீவும் கிடைத்தது, டிக்கெட்டும் கிடைத்தது. வாப்பா இருக்கிறார் மகன் என்று நான் சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதாய், பின்னேரமே டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டேன், அடுத்த வருடம் ஆறுதலாக வருகிறேன் என்கிறாய். ஜனாஸாவைப் பார்க்கக் கிடைக்கிற லீவு உயிரோடிருக்கிற மனிதரைப் பார்க்கக் கிடைக்காதா?

நீ டிக்கெட்டை ரத்துச் செய்ததை வாப்பாவிடம் சொன்னேன். பேட்டரியை மாற்றிக்கொண்டே சிரித்தார். “இனியொருக்கா பள்ளியில அறிவிச்சா, அவன் வந்து இறங்குமட்டும் நீ உண்மையச் சொல்லாத” என்றார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தருவானாக. தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. வருகிற திகதியை வாப்பாவுக்கே போன் எடுத்துச் சொல்.

உன் உம்மா,
றஹ்மா