கழுவிய குழாய்

1979 டிசம்பர் 28, மாலை நான்கு மணி இருபது நிமிடம். தப்பான அளவுகள் அறுபத்து மூன்று.

அன்பு மகள் மியோவுக்கு, நீயும் அம்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பதற்றத்தில் உட்காரத்தான் முடியவில்லை, இதையும் நின்றுகொண்டே எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், புத்தாண்டுக்கு நான் வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி ஸ்டேஷனில் வந்து நிற்காதே. அம்மாவுக்குப் போன் செய்தேன், "பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க, எத்தனை தடவைதான் நான் சொல்றது" என்று போனை வைத்துவிட்டாள். அதனால்தான் இந்த விரைவுத் தபால்.

நம் பூனைகள் கோமாவும் சுமியும் ஒன்றையொன்று அண்டவிடாது, ஆனால் குளிர் வந்தால் இரண்டும் ஒரே கணப்பு மேசைக்கு அடியில் முதுகு உரசிக் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போதுதானே சுமி கோமாவின் மீனைப் பறிக்கிறாள். நான் கலக்கும் இரண்டு உப்புகளும் அதே ஜாதி. தண்ணீரில் இரண்டுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், விலகி விலகி ஓடும், எலக்ட்ரான் என்கிற மீன் கைமாற நேரமாகும். நேர்மின்னூட்டம் உள்ள பாலிமர் இழை கொஞ்சம் போட்டால் இரண்டும் அதை ஒட்டி நெருங்கும், சட்டென்று கைமாறும். எத்தனை மடங்கு வேகம் என்பதுதான் என் ஆய்வேடு. ஜனவரி பத்தாம் தேதி கொடுக்க வேண்டும்.

இன்று ஆய்வகத்தில் ஆண்டுக் கடைசிப் பெருந்துப்புரவு. மூன்று வருடமாகத் தண்ணீரில் மட்டும் அலசிய அளவுக் குழாயை, எனக்கு இளைய மாணவன் குசுமி அமிலத்தில் ஊறப்போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டான். சோதிக்கலாமென்று பாலிமர் போடாமல் ஒரு தரம் ஓட்டினேன். வேகம் முன்பு வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. அவனிடம் கத்தினேன். "அண்ணே, கழுவினது என் தப்புன்னே வச்சுக்குங்க, அழுக்கு யாரோடது" என்றான். பாலிமர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பாலிமர் இல்லாத வேகம் என்று நான் எழுதிய அறுபத்து மூன்று அளவுகளிலும் அது இருந்திருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது, அப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எனக்குத் தெரியுமே.

கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு. காலுறை இல்லாமல் பனியில் இறங்காதே. புது வருடம் உனக்கு நல்லதாகவே விடியட்டும்.

உன் அப்பா,
இசாவோ

இனி நான் செய்யப்போவது:

1. பேராசிரியர் அரகிதா ஊருக்குக் கிளம்பும் முன், இப்போதே போய்ச் சொல்வது.
2. பாலிமருக்கு ஒரு குழாய், வெறும் உப்புக்கு வேறு குழாய்.
3. நாளை முதல் நாளுக்கு ஆறு அளவு, பதினொரு நாள்.
4. பத்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் ரயில். அன்றுதான் புத்தாண்டுக்குப் படைத்து இறுகிப்போன மோச்சி அரிசிக் கட்டியைச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிடும் நாள். சுத்தியலை ஒளித்து வை, நான் வரும்வரை அம்மா கேட்டாலும் கொடுக்காதே.